பாதி விஷம்

சண்டை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் முப்பத்தாறு வயது வரை நினைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவன் கை ஓங்கினால் அடுத்த நொடி இருபது பேர் கூடிவிடுவார்கள். பாதிப் பேர் அடிக்க, பாதிப் பேர் விலக்கிவிட. யார் எதற்கு வந்தார்கள் என்பது மறுநாள் பேசித் தீர்க்கும்போதுதான் தெரியவரும். அப்படிப்பட்ட என்னிடம், சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடைக்கு மேலே இருந்த வீட்டு ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, இருபத்து நாலு வயதுத் தம்பி ஒருவன், "அண்ணே, அவன் அடிச்சு முடிக்கட்டும். அதுக்கப்புறம்தான் உங்க டர்ன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவன் அடிக்கிற வரைக்கும் நான் என்ன செய்ய?"

"நிக்கணும்ணே."

"சும்மாவா?"

"சும்மாதாண்ணே. அம்புட்டுத்தான் ரூல்."

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். அதே இடத்தில் லேப் டெக்னீசியனாக இருக்கும் பெண்தான் என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனாள். "கேம்ண்ணே, ஜாலியா இருக்கும்" என்றாள். கேரம் போர்டு என்று நினைத்துப் போனேன். அங்கே பூதங்களும் மந்திரவாதிகளும் திரியும் ஒரு கற்பனை ஊர் இருந்தது. வந்தவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். அந்த வீட்டுத் தம்பி கதை சொல்லுவான். மற்றவர்கள் 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். என்னையும் லேப் பெண்ணையும் தவிர, கல்லூரியில் படிக்கும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் எந்நேரமும் ஒருவரை ஒருவர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டு, எதைக் கண்டாலும் முதலில் அடித்துவிட்டுப் பிறகு யோசிப்பார்கள்.

நான் புதியவன் என்பதால் எனக்கு ஏற்கெனவே எழுதிவைத்த ஒரு தாளைக் கொடுத்தார்கள். என் வேஷத்தின் விவரமெல்லாம் அதில் இருந்தது. தாளின் மேல் பாதியை நான் வாசிக்கவே இல்லை. சண்டைக்கான எண்கள் கீழ்ப் பாதியில் இருந்தன, என் உயிர் அங்கேதான் இருந்தது.

சண்டைக் கணக்கு எனக்கு ஏறவே மூன்று வாரம் ஆனது. முதலில் எல்லோரும் பகடை உருட்டி யாருக்கு அடுத்து யார் என்று வரிசை போட வேண்டும். நம் டர்ன் வந்தால் கொஞ்சம் நடக்கலாம், ஒரு அடி அடிக்கலாம். இருபது முகம் உள்ள பகடையை உருட்டி, வந்த எண்ணோடு நம் பலத்தைக் கூட்டி, எதிராளியின் கவச எண்ணைத் தொட்டால் அடி விழும். எவ்வளவு பலமான அடி என்பதற்கு வேறொரு பகடை. நான் கேட்ட முதல் சந்தேகத்துக்கே மேசை குலுங்கச் சிரித்தார்கள். "சண்டையை விலக்கி விடுறதுக்கு என்ன உருட்டணும் தம்பி?"

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. தலையணை மாதிரி இருந்த புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தான். "அப்படி ஒண்ணு இல்லண்ணே" என்றான், தான் செய்த தப்பு மாதிரி. வெட்டுவதற்கும் குத்துவதற்கும் எரிப்பதற்கும் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், நடுவில் புகுந்து "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்று கையைப் பிடிப்பதற்கு ஒரு வரி எழுதவில்லை. நான் அரண்டுபோனேன்.

நாலாவது வாரம் இன்னொன்று தெரிந்தது. லேப் பெண்ணின் மந்திரக்காரி அடிபட்டு விழுந்துவிட்டாள். உயிர் பூஜ்யம். செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். இல்லையாம். ஒவ்வொரு டர்னுக்கும் அவள் ஒரு பகடை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஒரு டிக், குறைந்தால் ஒரு பெருக்கல் குறி. மூன்று டிக் என்றால் பிழைப்பாள், மூன்று பெருக்கல் என்றால் போனாள். அதற்குள் யாராவது போய்த் தூக்கிவிட்டால் தப்பிக்கலாம்.

"நான் போறேன்" என்றேன்.

"அண்ணே, நீங்க பூதத்துக்குப் பக்கத்துல நிக்கிறீங்க. முதுகைக் காட்டிப் போனா அவனுக்கு ஓசி அடி ஒண்ணு."

"என்னது?"

"ஓசி அடிண்ணே. அவன் டர்ன் இல்லாட்டியும் அடிக்கலாம்."

ஒருத்தியைத் தூக்கப் போகிறவனுக்கு முதுகில் ஓசி அடியா? எந்தப் பாவி எழுதிய சட்டம் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். ஆனாலும் போனேன், அடி வாங்கினேன், அவளைத் தூக்கினேன். திங்கட்கிழமை மருத்துவமனை வராந்தாவில் ரத்தக் குப்பிகளை ஏந்திக்கொண்டு போகையில் அவள் நின்று, "உசுரைக் காப்பாத்திட்டீங்கண்ணே" என்றாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் பதறிப்போய் என்ன ஆச்சு என்று விசாரித்தார்.

நான் அந்த மேசையில் விழுந்து கிடந்ததற்குக் காரணம் பூதம் இல்லை. பகடைக்கு என்னைத் தெரியாது, அதுதான் காரணம். நான் யார் மகன், எந்தத் தெரு, என் அப்பனும் ஆத்தாளும் யார் வயலில் கூலிக்குப் போனார்கள் என்பது எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அங்கே இருந்தவர்களுக்கும் தேவைப்படவில்லை. ஆறு வாரமாக ஒருவர்கூட என்னை எதுவும் கேட்கவில்லை. மதுரையில் எனக்கு அப்படி ஒரு இடம் அதற்கு முன் வாய்த்ததில்லை. அதை இழந்துவிடக் கூடாது என்ற பயம் ஒவ்வொரு ஞாயிறும் படியேறும்போது எனக்கு இருந்தது.

ஏழாவது வாரம் ஒரு குகைக்குள் போனோம். மாட்டு வண்டி அளவுக்கு ஒரு சிலந்தி என்னைக் கடித்துவிட்டது. தம்பி பகடைகளை உருட்டிக் கூட்டினான். பதினாலு விஷம். என்னிடம் மிச்சம் இருந்த உயிர் பதினொன்று. மாப்பிள்ளைகள் இருவரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த நேரம் தம்பியின் அப்பா மிக்சர் தட்டோடு வாசல்படியில் வந்து நின்றார். கீழே கடையை நடத்துபவர் அவர்தான். வாராவாரம் கொஞ்ச நேரம் நின்று, "யாருப்பா செயிக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

தம்பி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்.

"அண்ணே, நீங்க என்ன ஆளு?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். சாதி என்ற சொல்லை வாயில் வைக்காமல் சாதியைக் கேட்பது. வீடு வாடகைக்குப் பார்க்கப் போனால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஊர்ப் பெயரில் ஆரம்பித்து, தெருவுக்கு வந்து, கடைசியில் அன்பாகக் கேட்பார். அதற்கென்று என் நாக்கில் எப்போதும் ரெண்டு மூன்று பதில் தயாராக இருக்கும். "மதுரைதாண்ணே" என்பேன். "எல்லாம் நம்ம ஆளுதான்" என்று சிரிப்பேன். போன் வந்ததுபோல எழுந்து போயிருக்கிறேன். அன்று அந்த நாக்கில் ஒன்றுமே இல்லை. ஆறு வாரத்தில் அதைத் தயாராக வைத்திருக்க மறந்துவிட்டேன்.

சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்களின் பெயரை, முழுதாக, தெளிவாக.

தம்பி நிமிர்ந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ, இல்லண்ணே. அதைக் கேக்கல. கேம்ல... தாள்ல மேல போட்டிருக்கும்ணே, குள்ளரா, காது நீண்ட எல்ஃபா, மனுசனான்னு. குள்ளர்னா விஷம் பாதிதான் ஏறும். அதுக்குத்தான்..."

முப்பத்தாறு வயதில் யார் கேட்டும் சொல்லாததை, ஒரு சிலந்திக்காகச் சொல்லியிருக்கிறேன். லேப் பெண்தான் கையை நீட்டி என் தாளை இழுத்துப் பார்த்தாள். "குள்ளர்தான். பாதிண்ணே. ஏழு கழிங்க." நான் பதினொன்றில் ஏழைக் கழித்தேன். நாலு என்று எழுத இரண்டு தரம் ஆனது. அப்பா மிக்சர் தட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். யார் ஜெயிக்கிறார்கள் என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

பைக் எடுக்கும்போது அந்தப் பெண் கூடவே வந்து நின்றாள். "அவன் அந்த அர்த்தத்துல கேக்கலண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

"தெரியும்மா."

உண்மையிலேயே தெரியும். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. என் வாய் மேல்தான் ஆத்திரம்.

அடுத்த ஞாயிறு டீ பேப்பர் கப்பில் வந்தது. அதுவரை எவர்சில்வர் டம்ளரில்தான் தருவார்கள். தம்பியின் அம்மா ஐந்து பேருக்கும் ஐந்து கப்பை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, "கழுவ ஆள் வரலப்பா" என்றார். எல்லோருக்கும் ஒரே மாதிரி கப். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்படித்தான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். அதற்கடுத்த ஞாயிறும் பேப்பர் கப். மூன்றாவது ஞாயிறும் அதே.

அந்த மூன்றாவது ஞாயிறு தம்பி தண்ணீர் எடுக்க உள்ளே போனான். திரும்பி வந்தவன் ஆளே மாறியிருந்தான். சமையலறையில் என்ன பேச்சு நடந்தது என்று தெரியாது, ஆனால் அவன் கண் முதலில் கப்பைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு மேசையைப் பார்த்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்துவிட்டது. மற்ற மூவரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்: "அடுத்தவன் டர்ன்லயும் ஒரு தடவை நீங்க குறுக்க விழலாம்ணே. அதை மட்டும் மறந்துறாதீங்க, உசுரு பொழைக்கிறது அதுலதான்." அந்தச் சட்டத்தில் அவனைப்போல் தேர்ந்தவன் கிடையாது. அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் பகடையை எடுத்துப் பூதத்துக்காக உருட்டினான். அடி யார் மேலும் விழவில்லை.

"அண்ணே, உங்க டர்ன்" என்றான்.

அன்று சாதியைச் சொன்னபோது வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. டம்ளரை நிறுத்தச் சொன்னது அவன் அப்பாவாகத்தான் இருக்கும், அதுகூட எனக்குப் புதிதில்லை. என் பிள்ளை வயதில்லாவிட்டாலும், என் தம்பியாக நான் மனதில் வைத்திருந்தவன் தலையைக் குனிந்துகொண்டதுதான் தாங்கவில்லை. எழுந்து பைக் சாவியை எடுத்தேன். கீழே போக ஹாலின் வலது பக்கம் படி. நான் இடது பக்கம் திரும்பினேன்.

சமையலறை வாசலில் நின்று, "அம்மா, டீயை டம்ளர்ல குடுங்க" என்றேன். என் கையில் ஆறிக்கொண்டிருந்த பேப்பர் கப்.

அவர் திரும்பினார். தட்டுக்கூடையில் கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள் வரிசையாக இருந்தன. அவர் கண் என்னைத் தாண்டிப் படிப்பக்கம் போய்வந்தது, கணவர் வருகிறாரா என்று. "கழுவ ஆள்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஒரு டம்ளரை எடுத்தார். என் கையில் தரவில்லை. மேடையின் இந்த ஓரத்தில் வைத்துவிட்டு ரெண்டடி பின்னால் போய் நின்றார். அந்த ரெண்டடியை அவர் யோசித்துப் போனதாகத் தெரியவில்லை. கால் தானாகப் போனது. அதைப் பார்த்து அவரே பயந்துபோன மாதிரி என்னைப் பார்த்தார்.

டம்ளரை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கப்பில் இருந்த டீயை டம்ளரில் ஊற்றினேன். அவசரப்படாமல் குடித்து முடித்தேன். அதைக் கழுவி வைக்கவேண்டும் என்று அந்த வீடு எதிர்பார்க்கும், அது எனக்கு நன்றாகத் தெரியும். கழுவவில்லை. என் எச்சில் டம்ளரை அவர்கள் மேசைக்கு நடுவில், பகடைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என் டர்ன் முடிஞ்சிருச்சு தம்பி" என்றேன். "அடுத்து யாரு?"