எட்டு கேம் பெட்டிகளும் ஸ்தமெனும்

எங்கள் டயாலிசிஸ் வார்டில் எட்டுக் கட்டில்கள். காலை ஆறரைக்கு முதல் ஷிஃப்ட் தொடங்கும். டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ருசே நகரத்துக்காரர்கள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். சுற்று ஊர்க்காரர்களை அழைத்துவர வேன் நாலரைக்கே கிளம்பிவிடும். கையில் இரண்டு ஊசிகள் ஏறிய பிறகு நாலு மணி நேரம் அசையக் கூடாது. வாரத்தில் மூன்று நாள், வருஷம் முழுவதும். பதினேழு வருஷமாக நான் அங்கே நர்ஸ். அந்த வார்டில் வலியைவிடப் பெரிய தொல்லை எது என்று கேட்டால், டி.வி. என்றுதான் சொல்வேன்.

சுவரில் உயரத்தில் மாட்டிய ஒரே ஒரு டி.வி. இரண்டாம் கட்டில் கான்சோவுக்குச் செய்தி வேண்டும். முப்பது வருஷம் டான்யூபில் சரக்குப் படகு ஓட்டியவர், நாங்கள் எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். நாலாம் கட்டில் ருசான்கா அக்காவுக்குத் துருக்கி சீரியல் வேண்டும். அவர் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவர். மற்ற ஆறு பேருக்கு இந்த இரண்டும் வேண்டாம். ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது. சேனல் மாற்றும் பட்டன் டி.வி.யின் பின்பக்கம் இருந்தது. ஏணி போட்டு ஏறினால்தான் கை எட்டும். அந்த ஏணி ஸ்தமெனிடம் இருந்தது.

ஸ்தமென் கெரெஸோவ் எங்கள் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். அப்போது நாற்பத்தெட்டு வயது. டயாலிசிஸ் இயந்திரங்களுக்குப் போகும் தண்ணீரில் குளோரின் துளி இருந்தாலும் ஆள் செத்துப்போவார். அதனால் தினமும் ஐந்து மணிக்கே வந்து தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவார். பிறகு இயந்திரங்கள். சனி, ஞாயிறுகளில் வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் ரிப்பேர். இரண்டு பெண்கள் சோஃபியாவில் படித்துக்கொண்டிருந்தார்கள், மனைவி ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தாலே கண் மூடிக்கொள்ளும். நின்றுகொண்டே தூங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் காலையில் ஆறாவது முறையாக ஏணியில் ஏறி இறங்கியபோது அவர் என்னிடம் சொன்னார்:

"சிஸ்டர், இந்த ஏணியிலேயே ஒருநாள் எனக்கு உயிர் போயிரும். ஆளுக்கொரு டி.வி. குடுத்துட்டா நான் நிம்மதியா இருப்பேன்."

"கேட்டுப் பாத்தாச்சு. இல்லேன்னுட்டாங்க."

"தெரியும்."

அந்த வாரமே மேல்தெருவில் ஒரு வீடியோ கேம் கடை மூடினார்கள். பழைய கறுப்பு கேம் பெட்டிகள் எட்டும், சின்னச் சின்ன ஸ்க்ரீன்களும் குப்பைக்குப் போக இருந்தன. ஸ்தமென் தன் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கட்டிலுக்கு ஒன்றாக மாட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெட்டியில் விளையாடத்தான் முடியும். பென் டிரைவில் படம் போட்டுச் செருகினால் அதற்கு ஒன்றும் புரியாது.

"அப்ப நாங்க கார் ரேஸ் ஓட்டணுமா?" என்றார் கேப்டன். "ஒரு கைய ஊசிக்குக் குடுத்துட்டேன். இன்னொரு கையால ஓட்டினா மரத்துலதான் மோதுவேன்."

படம் ஓட்டும் மென்பொருள் ஒன்று உலகம் முழுக்க இலவசமாகக் கிடைத்தது. பல நாட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதியது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் அது கம்ப்யூட்டருக்கென்று எழுதப்பட்டது. அதை இந்தக் கேம் பெட்டிக்கு மாற்றி எழுத யாரோ ஒருவர் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தார். ஸ்தமென் அந்தப் பாதியை எடுத்துக்கொண்டார். நிரல் எழுதி அவருக்குப் பதினைந்து வருஷமாகியிருந்தது. ஏணி ஏறுவதற்கு இது மேல் என்று நினைத்தாராம். எல்லாம் சரியாகி முடியப் பத்து மாதம் பிடித்தது.

முதல் படம் ஓடியபோது எல்லா முகமும் நீலமாக இருந்தது. சிவப்பு வரவேண்டிய இடத்தில் நீலம் வந்துவிட்டது.

"மாஸ்டர், இவங்களுக்கும் கிட்னி போயிருச்சா?" என்று ஸ்தமெனிடம் கேட்டார் கேப்டன்.

அதைச் சரிசெய்தார். அடுத்து, படம் நாற்பதாவது நிமிடத்தில் உறைந்து நின்றது. காட்டி முடித்த காட்சிகளைப் பெட்டி வெளியே தள்ளாமல் உள்ளேயே அடைத்துக்கொண்டிருந்தது, நாற்பது நிமிடத்தில் இடம் தீர்ந்துபோனது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம். மார்ச் முதல் தேதி, வசந்தத்தை வரவேற்று நல்லது நடக்க நூல் கட்டும் நாள் வந்தது. ருசான்கா அக்கா எல்லாக் கட்டிலிலும் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டினார், ஸ்தமென் சோதனைக்கு வைத்திருந்த பெட்டியிலும் ஒன்று கட்டினார்.

"இதுக்கும் நல்ல காலம் வரட்டும்" என்றார்.

பிறகு வந்ததுதான் ஸ்தமெனைப் படுத்தியெடுத்தது. படம் நன்றாகத்தான் தொடங்கும். முதல் மணி நேரம் ஒரு குறையும் இருக்காது. இரண்டாவது மணியில் ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது. மூன்றாவது மணியில் பேசுகிறவரின் வாய் ஓரிடத்திலும் பேச்சு வேறிடத்திலுமாக நிற்கும்.

"முதல்ல ஆள் விழறான். அப்புறம் துப்பாக்கி சுடுது" என்றார் கேப்டன். "நம்ம ஊர் போலீஸ் மாதிரியே இருக்கு."

மூன்றாவது மணியில்தான் தெரியும் தப்பை மூன்று மணி நேரம் காத்திருந்துதான் சோதிக்க முடியும். ஸ்தமென் கருவி அறையில் ஒன்பதாவதாக ஒரு பெட்டியை வைத்திருந்தார். அதே கடையில் உடைந்து கிடந்த இரண்டை ஒட்டிச் சேர்த்தது. மதியம் ஒரு வரியை மாற்றி ஓடவிடுவார். தண்ணீர்க் குழாய்கள் இரையும் அந்த அறையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மாலைவரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். தப்பாக இருக்கும். மறுநாள் இன்னொரு வரி. ஒரே படத்தை நாற்பது தடவைக்கு மேல் பார்த்தார். கதை என்னவென்று கேட்டேன்.

"தெரியல சிஸ்டர். நான் வாயைத்தான் பாக்குறேன்."

அவர் இளைத்துப்போனார். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட என் பனிட்சாவில் பாதியைக் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டு மறந்துவிடுவார். விட்டுவிடுங்கள் என்று ஒருநாள் சொன்னேன். அவர் முகவாயை மேலே தூக்கினார். மாட்டேன் என்று வாயால் சொல்லக்கூடத் தெம்பில்லை.

மே மாதம் ஒரு மாலை சரியாக வந்துவிட்டது. அவர் தன் ஒன்பதாவது பெட்டியில் ஒலி எவ்வளவு விலகுகிறது என்று கணக்கெடுத்து, அந்த அளவுக்குப் படத்தைத் தள்ளிவைத்தார். மூன்று மணி நேரம் கழித்தும் வாயும் பேச்சும் சேர்ந்தே நின்றன. மறுநாள் காலை எட்டுப் பெட்டியிலும் அதை ஏற்றினார். ஒன்பதரை மணிக்குக் கேப்டன், பேச்சு விலகிவிட்டது என்று கையைத் தூக்கினார். பிறகு மூன்றாம் கட்டில், ஐந்தாம் கட்டில், ஏழு.

ஸ்தமென் சுவரோரம் இருந்த ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துபோய்க் கிட்டே போனேன். அழவில்லை, அப்படியே தூங்கிவிட்டிருந்தார்.

அடுத்த முறை ருசான்கா அக்கா வந்தபோது, ஊசி ஏற்றும் முன்பே கேட்டார்: "சிஸ்டர், எனக்கு ஒரு பேப்பரும் பேனாவும் குடு. இன்னிக்கு எல்லாரும் ஒரே படம், ஒரே நிமிஷத்துல போடுங்க."

"எதுக்கு அக்கா?"

"போடேன். சொல்றேன்."

போட்டோம். மூன்றாவது மணியில் அவர் வலப்பக்கத்துக் கட்டில்காரரிடம் ஹெட்போனை வாங்கி, அவர் திரையைப் பார்த்தபடியே சற்று நேரம் கேட்டார். திருப்பிக் கொடுத்தார். பிறகு இடப்பக்கம். இரத்த அழுத்தம் குறிக்கும் தாளின் பின்புறம் ஒற்றைக் கையால் ஏதோ எழுதினார். பிறகு ஸ்தமெனைக் கூப்பிடச் சொன்னார்.

"தம்பி, நான் முப்பத்தோரு வருஷம் காலர் தைச்சவ. ரெண்டு முனையும் ஒரு நூல் தள்ளி இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. மூணாம் கட்டில்ல பேச்சு முந்துது. அஞ்சாம் கட்டில்ல பிந்துது. என்னோடதுல கொஞ்சம்போலத்தான். நீ எட்டுப் பேருக்கும் ஒரே அளவுல வெட்டுற. உடம்பு எட்டும் வேற வேற."

ஸ்தமென் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"எட்டும் ஒரே கடிகாரம்னு நெனச்சுட்டேன்" என்றார் மெதுவாக.

பிறகு எனக்கு விளக்கினார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நேரத்தை எண்ணும் சில்லு ஒன்று இருக்கிறது. ஒரே தொழிற்சாலையில் செய்ததுதான், ஆனால் ஒன்று மயிரிழை வேகம், ஒன்று மயிரிழை தாமதம். அவர் போட்ட கணக்கு அவருடைய ஒட்டுப்போட்ட பெட்டிக்கு மட்டும்தான் பொருந்தும். இனி கணக்கே போடக் கூடாது. அந்தந்தப் பெட்டியில் ஒலி உண்மையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, படம் அதற்காகக் காத்திருக்க வேண்டும், பின்தங்கினால் ஓடிப் பிடிக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் எழுதினார். ஒரு வியாழக்கிழமை காலை எட்டிலும் ஏற்றினோம். ஒன்பதரை ஆனது, பத்து ஆனது. யாரும் கையைத் தூக்கவில்லை. வார்டில் இயந்திரங்களின் முனகல் தவிர ஒரு சத்தமும் இல்லை. ஸ்தமென் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்தரைக்கு நான் கேப்டனின் ஊசியை எடுக்கப் போனபோது அவர் ஹெட்போனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர்?"

"நேரம் ஆயிருச்சு கேப்டன்."

"அதுக்குள்ளயா?"

இத்தனை வருஷத்தில் அந்த வார்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். ஸ்தமென் போய்விட்டிருந்தார். கருவி அறையில் நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் செய்ய வேண்டிய பதினோரு மணித் தண்ணீர்ச் சோதனையை நானே செய்தேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தான் எழுதியதை அவர் அந்த இலவச மென்பொருள்காரர்களுக்கு அனுப்பினார். பொதுவில் எடுத்ததைப் பொதுவில் திருப்பிவைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. எனக்குப் படித்துக் காட்டினார். வேலை சுத்தமாக இருக்கிறது, நன்றி. ஆனால் இந்தப் பழைய பெட்டியைக் கவனிக்க எங்களிடம் ஆள் இல்லை. ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும் சோதித்து, வரும் புகார்களுக்குப் பதில் சொல்ல ஒருவர் பொறுப்பேற்றால் வைத்துக்கொள்கிறோம். இல்லையென்றால் எடுத்துவிடுவோம்.

"வேணாம் ஸ்தமென்" என்றேன். "நம்ம எட்டும் ஓடுது. அது போதும்."

"எடுத்துட்டாங்கன்னா, வேற எவனாவது முதல்லேருந்து நீல முகம் பாக்கணும்."

"பாக்கட்டுமே."

அவர் சிரித்தார். ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று எழுதி அனுப்பினார். நாலு வருஷம் பார்த்தார்.

அந்த நாலு வருஷத்தில் எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தன. பிரேசிலிலிருந்து ஒருவன், என் பெட்டியில் எழுத்து தெரியவில்லை, நீ ஒரு உதவாக்கரை என்று எழுதினான். ஃபின்லாந்திலிருந்து ஒருவர் வாரம் தவறாமல் புதுசு புதுசாக ஏதாவது கேட்டார். நன்றி என்று எழுதியவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். ஸ்தமென் மதிய உணவு நேரத்தில், அவரைக்காய்ச் சூப் ஆறிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றுக்கும் பதில் தட்டினார். "எனக்குக் கோபம்கூட வரமாட்டேங்குது சிஸ்டர்" என்று ஒருநாள் சொன்னார். "கோபப்படவும் தெம்பு வேணுமே."

இரண்டாவது குளிர்காலத்தில் ருசான்கா அக்கா இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில், தூக்கத்தில். செவ்வாய்க்கிழமை அவர் கட்டிலுக்குப் புது ஆள் வந்துவிட்டார். எங்கள் வார்டில் அப்படித்தான், காத்திருப்பவர்கள் அதிகம். ஸ்தமென் வந்து ஹெட்போனைத் துடைத்துப் புதியவரிடம் கொடுத்து, எந்தப் பட்டன் எதற்கு என்று காட்டினார். அன்று மாலை அவர் அந்த மென்பொருளின் பங்களிப்பாளர் பட்டியலில் தன் பெயருக்கு மேலே "ருசான்கா தொனேவா, ருசே" என்று சேர்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இவர் எந்தப் பகுதியை எழுதினார் என்று யாரோ கேட்டார்களாம். பரிசோதனை என்று பதில் போட்டாராம்.

நாலாவது வருஷம் ஏதோ ஒரு திட்டத்தில் வார்டுக்கு எட்டுப் புதிய டி.வி.கள் வந்தன. பென் டிரைவைச் செருகினால் தானாகவே ஓடும். கேம் பெட்டிகளைக் கழற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கினோம். கேப்டன் மட்டும் சற்று முணுமுணுத்தார். "இதுல யாரைத் திட்டுறது? பேர் தெரிஞ்ச ஆள் ஒருத்தனும் இல்ல."

அந்த வாரம் ஸ்தமென் தன் கடைசிக் கடிதத்தை எழுதினார். இரண்டே வரி. இனி என்னால் முடியாது. இதுவரை கூட இருந்தவர்களுக்கு நன்றி. யாரும் பொறுப்பேற்க முன்வரவில்லை. அடுத்த பதிப்பில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். பழைய பதிப்பு இன்னும் இணையத்தில் கிடக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

செப்டம்பரில் ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக விடுப்பெடுத்து ஜெர்மனிக்கு மனைவியைப் பார்க்கப் போனார். பத்து நாள் கழித்துத் திரும்பியவரிடம், கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பாக்கல" என்றார். "அவ வேலைக்குப் போயிருவா. நான் தூங்குவேன். ஒருநாள் பதினோரு மணிவரைக்கும் தூங்கினேன் சிஸ்டர். எந்திரிச்சப்ப எந்த ஊருன்னே தெரியல."

"நல்லா இருந்துச்சா?"

அவர் சூப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் பத்து நாள் வேணும்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்தார்.