காலி என்று நம்பிய கட்டங்கள்

அருப்புக்கோட்டையில் பொன்னுச்சாமியின் நூல் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்று மூன்றில். ஆர்டர்களைத் தனித்தனி ஃபைலாக டிஸ்க்கில் பிரித்து வைக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவள் காரியாபட்டி ஜெகதீஸ்வரி. யாரிடமும் படிக்காமல், எழுதி எழுதிப் பார்த்தே கற்றுக்கொண்டவள்.

ஆவணியில் நரிக்குடி ஆர்டருக்குள் வீரசோழன் ஊர் ஆர்டரின் வரிகள் வந்து உட்கார்ந்தன. பச்சை நூல் போகவேண்டிய லோடில் கருநீலம் போனது. லோடு ஏற்றுகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, டைப் அடிக்கும் சுகப்பிரியாவிடம் பொன்னுச்சாமி கேட்டார்.

"எதுத்த கடைக்காரன் எதுவும் சொல்லிக் குடுத்தானாம்மா?"

"நான் அடிக்கலண்ணாச்சி."

"பின்ன மிஷினு தானா அடிச்சுக்கிருச்சாக்கும்! வெள்ளிக்கெழமைக்குள்ள தெரியணும். இல்லைன்னா நீ வரவேணாம்."

ஜெகதீஸ்வரி வந்து உட்கார்ந்து ஒரு புது ஆர்டரை அடித்துப் பார்த்தால் சரியாக இருந்தது. கிளம்பிப் போனால் மறுபடி கெட்டது. அவளுக்கும் சந்தேகம் சுகப்பிரியா மேல்தான். அந்தப் பெண் தண்ணீர் குடிக்கப் போன நேரம் அவள் பையைக்கூடத் திறந்து பார்த்தாள். சீப்பும் சாப்பாட்டுத் தூக்கும்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை ஜெகதீஸ்வரி உள்ளே நுழையும்போது சூடம் புகைந்துகொண்டிருந்தது. மிஷின் அப்போதுதான் உயிர்பெற்றுக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இத அமத்தித் திரும்பப் போட்டீகளா?"

"வெளியாளு கை வைக்கிறதுக்கு முன்னாடி அமத்தி, சூடம் காட்டித்தான் குடுப்போம். தராசுக்கும் அப்பிடித்தான்."

"நான் வந்தப்பல்லாமா?"

"ஒவ்வொரு தடவையும்."

அவள் வீரசோழன் ஃபைலைத் திறந்து மூடினாள். மிஷினை அமர்த்தாமல் புதிதாக ஒரு ஃபைல் தொடங்கினாள். அதன் வாலில் வீரசோழன் வரிகள்.

ஒரு ஃபைலின் வரிகள் டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கின்றன என்று குறிக்க, மெமரியில் கொஞ்சம் கட்டங்களை ஒதுக்கியிருந்தாள். வேண்டியவற்றை மட்டும் நிரப்பிவிட்டு, மிச்சம் காலி என்று நம்பியிருந்தாள். அமர்த்தித் திரும்பப் போட்ட மிஷினில் அவை காலியாகத்தான் இருந்தன. ஓடிக்கொண்டிருந்தால், முன்பு மூடிய ஃபைலின் குறிப்புகள் அங்கேயே கிடந்தன. கட்டங்களை ஒதுக்கியதும் அத்தனையையும் பூஜ்யமாக்கும் வரியைச் சேர்த்தாள். புது ஃபைல் சுத்தமாக வந்தது.

"தப்பு என்னோடதுண்ணாச்சி."

"அப்பச் சரி. நீ வேலையப் பாரும்மா" என்றார் பொன்னுச்சாமி, சுகப்பிரியாவிடம்.

சுகப்பிரியா நாற்காலியில் உட்காரவில்லை.

"அக்கா, அந்தப் பழைய தப்ப ஒருக்காத் திரும்பப் போட்டுக் காட்டுங்க. லோடு ஏத்துற அண்ணன்மாரும் பாக்கட்டும். அவுக முன்னாடிதான என்னையக் கேட்டாக?"

பொன்னுச்சாமி தெருவைப் பார்த்தார். ஜெகதீஸ்வரி தான் சேர்த்த வரியை அழித்தாள். "எல்லாரையும் கூப்பிடுங்கண்ணாச்சி" என்றாள்.