இசக்கிசெல்வி பூட்டிய ஃபைல்

இசக்கிசெல்வியைப் பார்த்தால் வாயில்லாப் பூச்சி என்றுதான் நினைக்கத் தோன்றும். லைன் சூப்பர்வைசர் வசந்தகுமாரும் அப்படி நினைத்து ஏமாந்தவர்தான்.

2013-இல் அவளுக்கு இருபத்திரண்டு வயது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து டிப்ளமோவோடு வந்து, படப்பையில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள். ஒரகடத்தில் கார்களுக்குப் பிரேக் பிராக்கெட் செய்கிற கம்பெனி. இவள் வேலை, பிராக்கெட்டை அளந்து, அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. அதில் ஓடியது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். ஒவ்வொருவரும் தன் பெயரில் நுழைந்து, தன் ஷிஃப்ட்டுக்கு ஒரு ஃபைல் தொடங்க வேண்டும். தொடங்கியவர் பெயர் உரிமையாளராக நிற்கும். ஆனால் லைனில் உள்ள யாரும் அதில் எழுதலாம்.

வசந்தகுமார் எழுதினார். டார்கெட் எட்டாத நாளில், அவள் ரிஜெக்ட் என்று போட்டதையெல்லாம் ஓகே ஆக்கினார். முந்தின மாதம் கார் கம்பெனியிலிருந்து ஒரு லோடு அப்படியே திரும்பி வந்தது. மெமோ யாருக்கு? இசக்கிசெல்விக்கு. இன்னொரு மெமோ வந்தால் கேட்டுக்கு வெளியே. "ஃபைல்ல உங்க பேர்தானே இருக்கு?" என்றார்கள் எச்.ஆரில். செய்தவன் ஒருவன், பேர் கெட்டது இவளுக்கு. என்ன அநியாயம்!

செவ்வாய்க்கிழமை முப்பத்தேழு பிராக்கெட்டை ரிஜெக்ட் செய்தாள். ஷிஃப்ட் முடிகையில், ஃபைலில் யார் எழுதலாம் என்பதை மாற்றுகிற, பாலிடெக்னிக் லேபில் அடித்துப் பழகிய சிஎச்மாட் கட்டளையை ஒரே வரியில் அடித்தாள். இனி மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது.

வசந்தகுமார் பத்து நிமிஷத்தில் வந்தார்.

"ஏம்மா, ஃபைலு சேவ் ஆவ மாட்டேங்குது. இன்னா பண்ண?"

"எழுத முடியாம பூட்டிட்டேன் சார்."

"அட்மின் பாஸ்வேர்டு யாரு குட்த்தது?"

"என் ஃபைலுக்கு அட்மின் எதுக்கு சார்?"

"மருவாதியா தொற. இல்லாங்காட்டி நாளைக்கு பேக்கிங்ல நிப்ப."

"நிக்கேன் சார். இங்க மட்டும் உக்காந்தா வேல பாக்கேன்?"

சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஃபைலைத் திறந்தால் முப்பத்தேழும் ஓகே. எப்படி? கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஃபைலைப் பூட்டினாளே தவிர, அது இருந்த ஃபோல்டர் எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. மனிதர் ஃபைலை நகலெடுத்து, நகலைத் திருத்தி, இவளுடையதை அழித்துவிட்டு, அதே பெயரில் தன்னுடையதை வைத்துவிட்டார். இது கூடத் தெரியாமல் என்ன படித்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஃபைல்களின் பட்டியலை மறுபடி பார்த்தாள். உரிமையாளர் இருந்த இடத்தில் வசந்தகுமார் என்று இருந்தது. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

"இன்னாம்மா, பூட்டு இன்னா ஆச்சு?" என்று தெனாவட்டாக வந்தார் அவர்.

"பேரப் பாத்தியளா சார்?"

பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. அந்த முப்பத்தேழையும் சேர்த்து லோடு ஏற்றிய லாரி வாசலில் நின்றது. இந்த முறை திரும்பி வந்தால் மெமோ யார் வீட்டுக்கு என்று அவருக்கும் தெரியும்.

"உன் பேருக்கு மாத்திடும்மா."

"என்னால முடியாது சார். ஒங்களாலயும் முடியாது. அட்மின்தான் மாத்தணும். எதுக்குன்னு கேப்பாவ."

அவர் வாசலில் நின்ற லாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்க ஃபைல அழிங்க. நான் புதுசா ஒண்ணு தொடங்குதேன். நேத்து அளவ எழுதுன நோட்டு எங்கிட்ட இருக்கு."

அழித்தார். அவள் உட்காரவில்லை, அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு நம்பரையும் வாய்விட்டுப் படித்து அடித்தாள். ரிஜெக்ட். ரிஜெக்ட். ரிஜெக்ட். பக்கத்து லைன் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சத்தமாகப் படித்தாள்.

"முப்பத்தேழு, சார். லாரியிலேருந்து எறக்கச் சொல்லுங்க."

வசந்தகுமார் வாசலுக்கு நடந்தார்.