முதல் கிண்ணம்

எங்கள் ஊரில் கிரிக்கெட் பந்து விழாத கூரை இல்லை. முட்டை மாதிரி நீண்ட றக்பிப் பந்து மட்டும் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அப்பா ஊர் றக்பிக் கழகத்தின் செயலாளர். தேத்தண்ணி குடிக்க வந்த எவரும் கழகத்தின் வரலாற்றைக் கேட்காமல் கதிரையை விட்டு எழும்ப முடியாது. கடற்படைத் தளத்து வெள்ளைக்காரர் தொடங்கியது, அவர்கள் போனபின் துறைமுகத்து எழுதுவினைஞர்கள் காப்பாற்றியது, சண்டைக் காலத்தில் மைதானத்துப் புல் இடுப்பளவு வளர்ந்தது, சண்டை முடிந்ததும் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெடியள் எல்லோரையும் சேர்த்து அப்பாவும் இரண்டு நண்பர்களும் மறுபடி ஆரம்பித்தது என்று கதை நீளும். சாதனைகள் என்ற இடத்துக்கு வரும்போது மட்டும் அப்பாவுக்கு இருமல் வந்துவிடும். கழகம் அதுவரை ஒரு கிண்ணமும் வென்றதில்லை. வெளியூர் அணிகள் வரும், எங்களைத் தோற்கடிக்கும், நிலாவெளியில் கடல் குளித்துவிட்டுப் போகும்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் எங்கள் அணி முதன்முறையாக இறுதியாட்டத்துக்கு வந்தது. அதற்குக் காரணம் அண்ணா என்று எல்லோரும் சொன்னார்கள். எவ்வளவு பெரிய ஆள் பந்தோடு ஓடிவந்தாலும் இடுப்பில் பிடித்து விழுத்திவிடுவார். துறைமுகத்தில் வேலை முடிந்ததும் என்னை ரியூசனிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து, மைதானத்து மதிலில் இருத்திவிட்டுப் பயிற்சிக்கு இறங்குவார்.

இறுதியாட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமை, பயிற்சியில் ஓடிவந்த ஒரு பெடியனின் முழங்கால் அண்ணாவின் தலையில் மோதியது. விழுந்தவர் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு எழும்பிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பயிற்சி தொடர்ந்தது.

மோட்டார் சைக்கிளில் வரும்போது, எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையைத் தாண்டி அண்ணா போய்க்கொண்டே இருந்தார். நான் முதுகில் தட்டியபிறகுதான் திருப்பினார்.

“மட்ச் எப்ப?” என்று கேட்டார்.

“சனிக்கிழமை.”

கொஞ்சத் தூரம் போனதும் மறுபடியும், “மட்ச் எப்ப?”

அண்ணா பகிடிக்கு என்னைப் பேய்க்காட்டுகிறார் என்று நினைத்தேன். அது அவர் வழக்கமாகச் செய்கிற வேலைதான். மூன்றாம் தரம் கேட்டபோது நானும் விடவில்லை.

“மட்ச் நேற்றே முடிஞ்சுது. நீங்கள் தோத்துப்போனீங்கள்.”

அண்ணா மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். அவருடைய முகம் கோணியது. அழத் தொடங்கிவிட்டார். இருபத்திரண்டு வயது ஆள், றோட்டோரத்தில், சின்னப்பிள்ளை மாதிரி.

“இல்லையண்ணா, பொய். பகிடிக்குச் சொன்னனான்,” என்றேன்.

அவர் மதகடியில் குந்திச் சத்தி எடுத்தார். வாயைத் துடைத்து நிமிர்ந்தபோது பழைய அண்ணாவாகிவிட்டார்.

“தங்கச்சி, அம்மாட்டச் சொல்லிப்போடாத. சொன்னா விளையாட விடமாட்டினம்.”

“அப்பாட்ட?”

“ஒருத்தரிட்டயும்.”

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் என்னை நம்பி எதையும் சொன்னதில்லை. அதனால் எனக்குப் பயத்தை விடப் பெருமைதான் கூட இருந்தது. மறுநாள் அண்ணா தலையிடி என்று வேலைக்குப் போகாமல், யன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். வெயில் பிடித்துவிட்டது என்று அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை, எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடு போலத் திரியும் மான்களை மைதானத்திலிருந்து கலைத்து, புழுக்கைகளைக் கூட்டி அள்ளி, சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். பின்னேரம் ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் அண்ணா எதிரணிக்காரர் ஒருவரைப் பிடித்து விழுத்தினார். நழுவிய பந்தை எங்கள் ஆள் ஒருவர் தூக்கிக்கொண்டு மறுகோடிக்கு ஓடினார். சனம் முழுவதும் எழும்பி நின்று அவரைப் பார்த்தது. நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் எழும்பி, பிழையான பக்கமாக நாலடி நடந்து, புல்லில் குந்தினார். பிறகு மெதுவாகச் சாய்ந்தார்.

“அப்பா, அண்ணா!” என்று அப்பாவின் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன்.

“ஓம் மகள், அண்ணாதான்! அவன்தான் பந்தைப் பறிச்சவன்!” என்று அப்பா என்னைத் தூக்கிச் சுழற்றினார்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் அவசரமாக வந்தார்.

“இதுக்கு முதல், இந்தக் கிழமைக்குள்ள, தலையில எங்கயும் அடிபட்டதா?”

“இல்லை டொக்டர்,” என்றார் அப்பா. அம்மாவும் இல்லை என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் உறுதியாகத் தலையை ஆட்டினேன், இல்லையென்று. அண்ணா கண் விழித்ததும், டொக்டரிடம்கூடச் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவே அம்புலன்சில் கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில், ஹபரணையைத் தாண்டுமுன் அண்ணா இறந்துவிட்டார்.

செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில், அன்று வென்ற கிண்ணத்தை வைத்தார்கள். கடைசிப் பிடியில் கழகத்துக்காக உயிரைக் கொடுத்தவன் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் “ஓம், ஓம்” என்றார். பயிற்சியில் முழங்காலால் மோதிய அந்தப் பெடியன் படலைக்கு உள்ளே வராமல் றோட்டிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டான்.

டொக்டர் கேட்டதுபோல இன்னொருவர் கேட்பார், அப்போது சொல்லிவிடலாம் என்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை காத்திருந்தேன். அண்ணா இல்லாதபடியால் இனிச் சொன்னால் குற்றமில்லை என்றும் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. பெரியவர்கள் கேட்காதபடியால், வியாழக்கிழமை நடந்ததற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று விளங்கிக்கொண்டு, அந்த ஒன்பது வயதில் நான் நிம்மதியாக இருந்தேன்.