ஆள் கேட்கும் அடுப்பு

அன்றைக்கு அந்தக் கடையில் நின்றவர்கள் இவர்கள்.

அப்பா. கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

பெரியப்பா. அப்பாவின் அண்ணை. அஜின்கோர்ட்டில் இருந்து வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு எது வாங்கினாலும் அவர் வந்து பார்க்க வேண்டும்.

அம்மா. எல்லாருக்கும் பின்னால்.

தம்பி. ஆறு வயது.

நான். பத்து வயது. கதைக்கக் கூட்டிப்போனார்கள். அப்பாவின் இங்கிலீசு வேலைத்தலத்து இங்கிலீசு. அடுப்புக்கு அது காணாது.

கடைக்காரக் கிழவர். வெள்ளைக்காரர். நிறையக் கதைக்கிறவர்.

அவருடைய நாய். எரிந்துகொண்டிருந்த ஒரு அடுப்புக்கு முன்னால் படுத்துக் கிடந்தது. கடைசிவரைக்கும் எழும்பவில்லை.

கடை ஒஷாவா தாண்டி, வயல்களுக்கு நடுவில் இருந்தது. ஒக்டோபர் மாதம். வெளியே காற்று அடித்தது.

அதற்கு முதல் வருடம்தான் நாங்கள் நகர நடுவில் இருந்த சென் ஜேம்ஸ் ரவுணை விட்டு வந்திருந்தோம். அங்கே இருந்தது அடுக்குமாடி. சூடு சுவரில் இருந்து வந்தது. யார் அனுப்புகிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. புது வீடு ஸ்காபரோவின் கிழக்குக் கோடியில் இருந்தது. புது வீடு என்று சொன்னாலும் பழைய வீடு. காஸ் குழாய் அந்தத் தெருவுக்கு வரவில்லை. அறைக்கு அறை கரண்ட் ஹீற்றர். பில் வருகிற நாளில் அப்பா ஒருவரோடும் கதைக்கமாட்டார்.

வந்த முதல் குளிரிலேயே உறைமழை பெய்து கரண்ட் நின்றுவிட்டது. அடுத்த நாள் தம்பியின் உதடு நீலமாகப் போனது. அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் அவனுடைய காலையும் பிடித்துக்கொண்டு பெரியப்பா வீடுவரைக்கும் ஓட்டினார்.  அடுப்பு வேண்டும் என்ற கதை அன்றைக்குத்தான் தொடங்கியது.

வீட்டில் இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு ஒரு வேலை காத்திருந்தது. சென் ஜேம்ஸ் ரவுணில் பக்கத்துக் கதவில் இருந்த அன்ரி பாண் சுடுகிற பக்டரி ஒன்றில் வேலை செய்தார். தை மாதம் ஆள் எடுக்கிறார்கள், வாறீரோ என்று கேட்டிருந்தார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

“பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வரேக்கை வீடு குளிர்ந்து கிடக்குமே? முதல்ல அடுப்பைப் பாப்பம்” என்றார்.

அம்மா சரி என்றார். எனக்கு அது வேறு கதை, இது வேறு கதை.

கடையில் இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒன்று நிலக்கரி போடுவது. மற்றது பெலெற் போடுவது. பெலெற் என்றால் மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னச் சின்னக் குச்சி. கோழித்தீன் மாதிரி இருந்தது. தம்பி ஒன்றை வாயில் போட்டான். கிழவர் சிரித்தார். அம்மா விரலை விட்டு வெளியே எடுத்தார்.

கிழவர் விளங்கப்படுத்தத் தொடங்கினார். பெலெற் அடுப்புக்கு மேல்பெட்டியில் ஒரு பையைக் கொட்டிவிட்டால் அது தானாகத் தின்னும். தானாக மூட்டும், தானாக நிற்கும். சாம்பல் கொஞ்சம். ஆனால் உள்ளே காற்றாடி இருக்கிறது, கரண்ட் வேண்டும். கரி அடுப்புக்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் காலையும் மாலையும் கீழ்த்தட்டை ஆட்டிச் சாம்பலை விழுத்த வேண்டும், கரி போட வேண்டும், காற்றுக் கதவைப் பார்க்க வேண்டும். நூர்ந்துபோனால் திரும்ப மூட்டுவது பெரிய பாடு.

எனக்குத் தலை சுற்றியது. பாதி விளங்கவில்லை. விளங்கியதைச் சொன்னேன்.

“இதுக்குக் கரண்ட் வேணுமாம். அதுக்கு ஆள் வேணுமாம்.”

அப்பா உடனே சொன்னார். “ஆள் இருக்குத்தானே.”

அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. கரி அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

பெரியப்பா முதலில் பெலெற்றின் பக்கம் நின்றார். “தானாத் தின்னுமாம், தானா நிக்குமாம். உன்னை விடப் புத்தி இருக்கு உதுக்கு” என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு கரி அடுப்பின் முன்னால் போய்க் கையைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்தார். “நாய் எதுக்கு முன்னால கிடக்குது பார். அது பொய் சொல்லாது.” பிறகு திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இதில பால் பொங்குமோ எண்டு கேள்.”

“பாலோ?”

“புது அடுப்பு வைச்சா பால் பொங்க வேண்டாமே? கேள்.”

கேட்டேன். கிழவர் இரண்டாந்தரம் கேட்கச் சொன்னார். பிறகு கரி அடுப்பின் மேல்தட்டைத் தட்டிக் காட்டினார். இதில் சூப்பே வைக்கலாம். பெலெற் அடுப்பில் சட்டி இளஞ்சூடாகும், பொங்காது.

“அப்ப உது அடுப்பே இல்லை. காத்தூதுற பெட்டி” என்றார் பெரியப்பா. அவருடைய முடிவு அதோடு முடிந்தது.

அம்மா அப்போதுதான் முன்னுக்கு வந்தார். குனிந்து என் காதுக்குள் சொன்னார்.

“வீட்டில ஒருத்தரும் இல்லாட்டி ரெண்டும் எவ்வளவு நேரம் எரியும் எண்டு கேள்.”

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. “ஏன் ஒருத்தரும் இல்லாமல்? நீர் இருப்பீர்தானே.”

“சும்மா கேக்கட்டும்” என்றார் அம்மா.

கேட்டேன். பெலெற் ஒரு பை போட்டால் ஒரு பகலும் ஒரு இரவும் என்றார் கிழவர். அம்மாவின் முகம் மலர்ந்தது.

“உதை எடுப்பமே?” என்று பெலெற் அடுப்பைக் காட்டினார் அம்மா.

“கரண்ட் நிண்டா?” என்றார் அப்பா. “போன முறை மாதிரி நிண்டா? இவனைத் திரும்பவும் கோட்டில சுத்திக்கொண்டு ஓடுறதே?”

அவர் தம்பியின் தலையில் கையை வைத்திருந்தார். அவனுடைய கோட்டுக் கழுத்தை இழுத்து மூடினார். அம்மாவும் அதைப் பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் கரி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, இது பதினொரு மணித்தியாலம் தாங்குமோ எண்டு கேள்.”

“பத்தோ?”

“பதினொண்டு.”

ஏன் பத்தும் இல்லை, பன்னிரண்டும் இல்லை என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். கிழவர் அம்மாவை நேரே பார்த்தார். அதுவரைக்கும் அவர் அப்பாவோடும் பெரியப்பாவோடும்தான் கதைத்தார். பழகினால் பன்னிரண்டும் தாங்கும், பழகாவிட்டால் நாலுக்குள் நூர்ந்துவிடும் என்றார். அம்மாவைக் கூட்டிப்போய் முழங்கால் ஊன்றிக் காட்டினார். கரியை விளிம்புவரைக்கும் நிரப்பு. பின்பக்கம் மலை மாதிரி ஏற்று. முன்னால் ஒரு இடத்தில் மட்டும் சிவப்புத் தெரிய விடு. கீழ்க் காற்றுக் கதவை ஒரு நகக்கண் அளவு திற. பிறகு தொடாதே. மேலே இருந்து கிண்டாதே. கிண்டினால் கரி செத்துப்போகும்.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எழும்பி முழங்காலைத் தட்டினார்.

“கரியையே வாங்குவம்.”

அப்பாவுக்குச் சந்தோசம். பெரியப்பாவுக்கும் சந்தோசம். எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. இவ்வளவு நேரமும் மற்றதைக் கேட்டவர் ஏன் மாறினார்?

அடுத்த கிழமை அடுப்பு வந்தது. புகைக்குழாய் பூட்டினார்கள். புகை நஞ்சு வந்தால் கத்துகிற சின்ன மணி ஒன்றையும் சுவரில் வைத்தார்கள். பெரியப்பா நல்ல நேரம் பார்த்துக்கொண்டு வந்தார். மேல்தட்டில் பால் பொங்கியது. வழிந்து, கரிந்து, வீடெல்லாம் மணத்தது. பெரியப்பா கும்பிட்டார். பிறகு நெருப்பு மந்தமாக இருக்கிறது என்று சொல்லிக் கம்பியை எடுத்து மேலே இருந்து நன்றாகக் கிண்டினார். விறகு அடுப்பில் பழகின கை.

“அத்தான், கிண்ட வேண்டாம்” என்றார் அம்மா.

“எனக்கு நெருப்புக் காட்டுறீரே?” என்றார் பெரியப்பா. இன்னும் இரண்டு தரம் கிண்டினார்.

நூர்ந்துபோனது. அப்பாவும் பெரியப்பாவும் பொழுதுபடும்வரைக்கும் பேப்பரும் சுள்ளியும் வைத்து ஊதினார்கள். பெரியப்பாவின் முகம் கறுத்துப்போனது. பாலைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கடைசியில் மூட்டினது அம்மா.

அதற்குப் பிறகுதான் எனக்கு அம்மாவில் பயம் வந்தது.

காலையில் அப்பா வேலைக்குப் போனதும் அம்மா கரியை ஏற்றுவார். காற்றுக் கதவை நகத்தால் அளப்பார். ஆறு மணிக்கு அந்த வேலையை முடித்து எழும்பி நிற்பார். அதற்குப் பிறகு தொடமாட்டார். நாங்கள் பள்ளிக்கூடத்தால் வரும்போது வீடு குளிர்ந்து கிடக்கும். அம்மா அடுப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு இருப்பார். நெருப்புச் செத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் வாளி நிறையக் கரி இருக்கும்.

“அம்மா, கரி போடன்.”

“தொடாதை.”

“நூரப்போகுது.”

“நூரட்டும். எப்ப நூருது எண்டு பாக்கிறன். கோட்டைக் கழட்டாதையுங்கோ.”

தம்பி கோட்டோடு பாண் தின்றான். கேட்ட அடுப்பை வாங்கித் தராத கோபத்தில் இந்த அடுப்பைப் பட்டினி போடுகிறார் என்று நான் நினைத்தேன். எங்களையும் சேர்த்துப் போடுகிறார் என்றும் நினைத்தேன். அப்பாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. அப்பா வர முதல் அம்மா நெருப்பை மூட்டிவிடுவார். அப்பா வந்து கையை நீட்டிக் காய்வார்.

“பாத்தீரே? வீட்டில ஆள் இருந்தா அடுப்பு எப்பிடி எரியுது.”

அம்மா ஓம் என்பார்.

நாள் போகப் போக நெருப்பு நின்றுபிடிக்கத் தொடங்கியது. நாங்கள் வரும்போது கொஞ்சம் சூடு இருந்தது. பிறகு கோட்டைக் கழற்றினோம். அம்மா கரியை எடுக்கும்போது சின்னக் கரியையும் பெரிய கரியையும் பிரித்து வைத்தார். காற்று அடிக்கிற நாளுக்கு ஒரு அளவு, அடிக்காத நாளுக்கு ஒரு அளவு வைத்திருந்தார். ஆனாலும் அதே கதிரை. அதே தொடாதை.

மார்கழியில் ஒரு நாள் அப்பா வேளைக்கு வந்துவிட்டார். ஐந்து மணி. அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேலே எல்லாம் சாம்பல், கறுப்பு. அப்பா பார்த்துவிட்டுப் பதறினார்.

“நூர்ந்திட்டுதே?”

அம்மா கீழ்த்தட்டை மெதுவாக ஆட்டினார். சாம்பல் விழுந்தது. உள்ளே சிவப்பு. காற்றுக் கதவைத் திறந்தார், ஒரு கரண்டி கரி போட்டார். கொஞ்ச நேரத்தில் நீல நெருப்பு மேலே வந்தது. அம்மா சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு கரண்டி கரிக்கு ஏன் இவ்வளவு சிரிப்பு என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

“காலமை ஆறு மணிக்குப் பிறகு நான் உதைத் தொடேல்லை” என்றார்.

“ஏன்? வீட்டிலதானே இருந்தனீர்?”

“தை மாதம் இருக்கமாட்டன்.”

அப்பா அடுப்பைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அவன் கோட்டு இல்லாமல், சப்பாத்து இல்லாமல், தரையில் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தான். அப்பா குனிந்து அவனுடைய காலைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு எழும்பினார்.

“இருட்டுக்குள்ள பஸ் வருமே?” என்றார் அப்பா.

“வரும். கேட்டு வைச்சிருக்கிறன்.”

அவ்வளவுதான். அம்மா அன்ரிக்கு போன் எடுக்கப் போனார். அப்பா கதிரையில் இருந்துகொண்டு கையை நீட்டிக் காய்ந்தார்.

அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஏன் அந்த நேரம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவுமில்லை. கூட்டல் எனக்கு எப்போதும் பிந்தித்தான் வரும்.

பக்டரியில் எட்டு மணித்தியாலம். பஸ்ஸில் போக ஒன்றரை. வர ஒன்றரை.

பதினொன்று.