பருப்பு வேகாத கடற்கரை

எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கிடக்கிறது. அதில் முக்கால் அளவு தண்ணீர். மூன்று வாரமாக நான் அதைக் கொட்டவில்லை, மனைவியையும் கொட்ட விடவில்லை. நேற்று மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். துருப்பிடித்த தகரமும் அழுகின முட்டையும் கலந்த நாற்றம்.

"கருமம், அத எதுக்குத் தொறந்து தொறந்து மோக்குறீங்க?" என்று மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கேட்பது நியாயம்தான். அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மகள் நிவேதா பெரம்பலூரில் கடைசி வருஷம் கம்ப்யூட்டர் படிக்கிறாள். சென்னையில் ஒரு கம்பெனியில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. நான் அஞ்சாவதோடு நின்றவன். அந்தச் சொல் என் நாக்கில் உட்காரவே இரண்டு நாள் ஆயிற்று. திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்கும் பெண்ணுக்குப் போய்விடும். அதற்குள் தங்க ஒரு இடம் பிடித்தாக வேண்டும். சனிக்கிழமை விடியலில் இருவரும் பஸ் ஏறினோம்.

"ஆபீஸ் பக்கத்துல எல்லாம் நமக்குக் கட்டாதுப்பா. பீச்ச ஒட்டி சந்து சந்தா வூடு இருக்காம், அங்க கம்மியாம். ஃப்ரெண்டு சொன்னா" என்றாள். பஸ் ரஞ்சன்குடியைத் தாண்டும்போது அவள் போனில் கடல் படங்களாகக் காட்டிக்கொண்டே வந்தாள். எல்லாப் படத்திலும் கடல் நீலமாக இருந்தது.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில். மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். தவலையில் தண்ணீர் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் பத்துப் பிடிக்கும். சோப்பு நுரைக்காது. பருப்பை அடுப்பில் வைத்தால் விறகுதான் வேகும், பருப்பு வேகாது. அதனால் எங்கள் ஆட்கள் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீரைத்தான் கேட்பார்கள். பெண் கொடுக்கப் போனாலும் மாப்பிள்ளையை அப்புறம்தான் பார்ப்பார்கள். குழாயடியில் ஒரு வாய் குடித்துவிட்டு, "பருப்பு வேகுமா?" என்று கேட்ட பிறகுதான் உட்காருவார்கள்.

நானும் அப்படித்தான் கேட்டேன்.

முதல் விடுதி ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. ஒரே அறையில் ஆறு கட்டில். குளியலறைத் தரை மஞ்சள் பூத்திருந்தது. சாக்கடைத் துவாரத்தில் ஈரமாக ஒரு முடிக்கற்றை, எலி செத்துக் கிடப்பதுபோல. அதைப் பார்த்த கண்ணை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று தெரியவில்லை. விடுதியைப் பார்த்துக்கொள்கிற இளைஞன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே விதிமுறைகளைச் சொன்னான். புது ஆளிடம் பேச எனக்குக் கூச்சம். இருந்தாலும் கேட்டேன்.

"தம்பி, ஒரு டம்ளர் தண்ணி."

ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான்.

"இது வேணாம் தம்பி. கொழாத் தண்ணி."

"அது எதுக்கு சார்?"

"குடிச்சுப் பாக்கத்தான்."

"அத இங்க யாரும் குடிக்க மாட்டாங்க சார்."

"பருப்பு வேகுமா அதுல?"

அப்போதுதான் அவன் தலையைத் தூக்கினான். என்னைப் பார்த்தான், பிறகு என் மகளைப் பார்த்தான். "சார், இங்க மெஸ்சு. பருப்பு வெந்துதான் வரும்."

நானே குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துக் குடித்தேன். ஆணியைச் சப்பியதுபோல இருந்தது. துப்பினேன். படியிறங்கும்போது நிவேதா, "ஏம்ப்பா இப்புடி மானத்த வாங்குற?" என்றாள். அவள் காது சிவந்திருந்தது. என்னுடையதும் சிவந்திருக்கும்.

இரண்டாவது இடத்தில் "கடல் தெரியும் அறை" என்று பலகை போட்டிருந்தார்கள். அறையிலிருந்து எதிர்வீட்டுக் கழிவறைக் குழாய்தான் தெரிந்தது. கடலைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏற வேண்டுமாம். ஏறினேன். "அதோ சார், ப்ளூவா தெரியுது பாருங்க" என்றார் வீட்டுக்காரர். உற்றுப் பார்த்தேன். அது ஒரு கொட்டகையின் மேல் போட்ட தார்ப்பாய். தொட்டியின் மூடி விலகியிருந்தது. உள்ளே ஒரு புறாவின் இறகுகள் மிதந்தன. புறா எங்கே என்று நான் தேடவில்லை. மூன்றாவது, நான்காவது இடங்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு இன்று சோறு இறங்காது.

மத்தியானம் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தோம். உட்கார இடம் தேடவே நேரமாயிற்று. மணலில் குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிய பஞ்சுப் பொதிகள் ஊறி உப்பிக் கிடந்தன. ஒரு சாக்கடை கறுப்பாக, குழம்புபோலக் கொதித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியது. அதற்குப் பத்தடி தள்ளி ஒரு கல்யாண ஜோடியைப் படம் பிடித்தார்கள். படம் பிடிக்கிறவன் பெண்ணின் சேலைத் தலைப்பை விரித்து அந்தச் சாக்கடையை மறைத்தான். நிவேதா கொண்டுவந்த புளிச்சோற்றைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள்.

அந்த நேரத்தில் தலையைத் திருப்பியவன்தான், ஒரு கோயில் கோபுரத்தைப் பார்த்தேன். மீனவர்கள் கும்பிடுகிற சின்ன அம்மன் கோயில். புதுச் சாயம் அடித்திருந்தார்கள். ஆனால் கோபுரத்தின் இடது மூலையில் நிற்கும் பூதத்துக்கு அன்றும் ஒரு கைதான், இன்றும் ஒரு கைதான்.

இந்த இடம் எனக்குத் தெரியும். குப்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், சண்டைக்கு வருவார்கள்.

இருபத்திரண்டு வயதில், மழை பொய்த்த ஒரு வருஷம், எங்கள் ஊரிலிருந்து ஏழு பேர் சவுக்கு வெட்ட அங்கே போனோம். கலியன் மேஸ்திரி கூட்டிப் போனார். கோயிலுக்குப் பின்னாலிருந்து கண்ணுக்கு எட்டும் வரை சவுக்குத் தோப்பு. அதை வெட்டி, வேரையும் தோண்டி எடுத்து, மட்டமாக்கிக் கொடுக்க வேண்டும். மனை போடப் போகிறார்கள் என்றார்கள்.

போன அன்றே வழக்கம்போலத் தண்ணீரைத் தேடினோம். பக்கத்திலேயே கடல் இரைகிறது, இங்கே ஏது நல்ல தண்ணீர் என்று நாங்கள் அலுத்துக்கொண்டபோது, குப்பத்துப் பெண்கள் தோப்புக்குள் குடத்தோடு போனார்கள். மணலில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. அதில் இளநீர்போல ஊற்று. கலியன் மேஸ்திரி சந்தேகப்பிராணி. முடிச்சிலிருந்து துவரம்பருப்பை எடுத்து, அந்தத் தண்ணீரில் போட்டு, சவுக்குச் சுள்ளியில் எரித்தார். பீடி ஒன்று தீர்வதற்குள் மலர்ந்துவிட்டது. "வெந்துருச்சுடா! பொண்டாட்டி செத்தாலும் ரெண்டு மாசத்துக்கு ஊருக்கு வரமாட்டேன்னு சொல்லிடுங்கடா" என்றார்.

அடுத்த நாள் குளித்தபோதுதான் கூத்து. சோப்புப் போட்டோம். நுரை என்றால் அப்படி நுரை. ஆனால் போகமாட்டேன் என்கிறது. குடம் குடமாக ஊற்றியும் உடம்பு வழவழவென்றே இருந்தது. முதலில் தண்ணீரைத் திட்டினோம். பிறகு, சோப்பில்தான் ஏதோ கலப்படம் என்று ஏழு பேரும் கடைக்காரனிடம் சண்டைக்குப் போனோம். நான் எல்லாருக்கும் பின்னால் நின்றேன். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். "நல்ல தண்ணிய கண்ணால பாத்ததே இல்லியாபா நீங்க? அப்டிதான்பா இருக்கும்." உடம்பில் உப்பும் சுண்ணாம்பும் ஒட்டாத தண்ணீர் அப்படித்தான் வழுக்குமாம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

பெண்கள் தண்ணீர் எடுத்து முடிக்கும் வரை யாரும் ஊற்றுப் பக்கம் போகக்கூடாது என்பது மேஸ்திரியின் கட்டளை. எனக்கு அது சௌகரியம். எதிரே வந்தாலும் தரையைப் பார்த்துக்கொண்டே போவேன். அதனால் அங்கே ஒரு முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

இரண்டு மாதத்தில் தோப்பு முழுவதையும் வேரோடு எடுத்துவிட்டு ஊருக்கு வந்தோம்.

மகளோடு போன அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கோயில் சந்தில் ஒரு வீட்டில் மாடியறை காலி என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரி பவுனம்மா, என் வயதுதான் இருக்கும், மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாடகையைச் சொன்னாள். அன்று முழுக்கக் கேட்டதிலேயே அதுதான் குறைவு. மேலே ஏற்கெனவே இரண்டு பெண்கள் தங்கியிருந்தார்கள். அறை சுத்தம். நிவேதா என் முழங்கையைப் பிடித்து, "வாயத் தொறக்காதப்பா" என்றாள். ஆனால் என் கை அதற்குள் குழாய்க்குப் போய்விட்டது.

பவுனம்மா ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள். "யோவ், இத்தப் போயி வாயில வெக்கிறியே! நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும். இது குளிக்க, தொவைக்கதான். குடிக்கிறதுக்கு கேன் வரும், புரிதா?"

நான்கு இடங்களில் யாரும் என் கையைத் தட்டிவிடவில்லை. "இந்த எடமே இருக்கட்டும்" என்றேன். நிவேதாவுக்கு முகம் மலர்ந்தது.

பவுனம்மா மூச்சு விடாமல் பேசினாள். "முன்னெல்லாம் இப்டி இல்ல கண்ணு. பின்னால சவுக்குத் தோப்பு இருந்துச்சு. அதுல ஊத்து. ஊருக்கே அதான் தண்ணி. எந்த ஊர்க் கஸ்மாலங்களோ வந்து வேரோட புடுங்கினு பூட்டானுங்க. அப்பால லாரிலாரியா உறிஞ்சானுங்க. அதோட சரி." எட்டிக் காறித் துப்பினாள். "உங்களுக்கு எந்த ஊரு?"

"பெரம்பலூர் பக்கம், ஆன்ட்டி" என்றாள் நிவேதா.

நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை, கிளம்புவதற்கு முன், கோயிலுக்குப் பின்னால் நடந்தேன். பூதத்தின் உடைந்த கைக்கு நேராக நாற்பது எட்டு எடுத்து வைத்தேன். ஊற்று இருந்த இடத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டின் பின்பக்கம். அங்கே ஒரு லாரி நின்றது. யானைத் துதிக்கை தடிமனுள்ள குழாயைத் தரைக்குள் இறக்கி, கக்கூஸ் தொட்டியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். குழாய் துடித்தது. இணைப்பில் கசிந்தது என் செருப்புவரை ஓடி வந்தது. நான் நகரவில்லை. நகர எனக்கு என்ன யோக்கியதை?

திரும்பிப் போய், மகளின் அறைக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நேற்று நிவேதா போன் பண்ணினாள். வேலை பிடித்திருக்கிறதாம். பவுனம்மா வாரம் ஒரு நாள் மீன் குழம்பு கொடுக்கிறாளாம். "ஒண்ணே ஒண்ணுதாம்ப்பா. என்னா தேச்சாலும் சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. நம்மூரே தேவல. சரி, பழகிரும்."

"பழகிரும்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டுத்தான் பாட்டிலைத் திறந்தேன். அதே மண்ணில் அன்று ஏழு பேர், உடம்பெல்லாம் நுரையோடு, ஊற்ற ஊற்றப் போகமாட்டேன் என்கிறதே என்று அந்தத் தண்ணீரைத் திட்டிக்கொண்டு நின்றோம்.