விழக் கூடாத முட்டைகள்

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியர். சென்ற ஆண்டு பள்ளி விழாவுக்காகப் பெங்களூரிலிருந்து ஒரு பெண் சிற்பியை வரவழைத்தார்கள். பறப்பதும் விழுவதும்தான் அவர் எடுத்துக்கொண்ட பொருள். லாரித் தார்ப்பாயில் தைத்த இறக்கைகள் மின்விசிறிக் காற்றில் எழுந்து அடங்கின. காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் கோழி இறகும் இரும்பு நட்டும் ஒன்றாக இறங்கின. அரங்கின் நடுவில் உயரமான சாரம். அதன் உச்சியிலிருந்து முட்டைகள், சில காகிதக் குடையோடும் சில வைக்கோலுக்குள்ளும் சில வெறுமனேயும், விழ வேண்டும். எது பிழைக்கும் என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

விழாவுக்கு முதல் நாள் மாலை தாளாளர் பார்க்க வந்தார். வாசலில் 'விழுதல்' என்ற பலகையைக் கண்டதும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"ஏனுங்க சார், நாளைக்கு ஆரு வாராங்கன்னு தெரியுமில்லீங்க?"

தெரியும். சிறப்பு விருந்தினர் பெரிய கோழிப்பண்ணைக்காரர். போன தேர்தலில் நின்று தோற்றவர்.

"அவரு முன்னால உழுகறது, ஒடையறது ஒண்ணும் இருக்கக் கூடாதுங்க. குத்திக் காட்டறாப்பல ஆயிரும்."

பலகை 'எழுச்சி' ஆனது. குழாயின்மேல் துணி போர்த்தப்பட்டது. இருபது வருடமாகப் புவியீர்ப்பு விசையை நடத்திவரும் நான், "சரிங்க" என்று ஏணியில் ஏறி, ஒவ்வொரு முட்டையையும் விழாதபடி தூண்டில் நரம்பால் கட்டினேன்.

"நீங்க ஃபிசிக்ஸ் வாத்தியார்தானே சார்?" என்று கீழே நின்ற சிற்பி கேட்டார். நான் அடுத்த முடிச்சை இறுக்கினேன்.

மறுநாள் காலை விருந்தினர் வந்தார். சாரத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"முட்டைய எதுக்குங்க கட்டித் தொங்க உட்டிருக்கீங்க?"

தாளாளர் முந்திக்கொண்டார். "மேல மேல போறதக் காட்டுதுங்க. உங்களையாட்டம்."

"நானும் எத்தனையோ லோடு முட்டை பாத்துட்டேன். ஒண்ணுகூட மேல போனதில்லீங்களே." அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார்."

எங்கிருந்து தைரியம் வந்ததோ, சொல்லிவிட்டேன். "கீழ உழுகறதுக்குன்னு வெச்சதுங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னு கட்டிட்டோம்."

தாளாளர் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தோத்தது நானு. அதுக்கு முட்டை என்னங்க பண்ணும்? அவுத்து உடுங்க."

கத்தரிக்கோலோடு மறுபடி ஏறினேன். முதல் முட்டை சிதறியது. பிள்ளைகள் கூவினார்கள். குடை கட்டியது ஆடி அசைந்து இறங்கி முழுசாக நின்றது. விருந்தினர் அதை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். "எங்க வண்டி இங்கிருக்கற மோகனூர் போறதுக்குள்ள இதவிட ஒடையுதுங்க!" பிறகு அவரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றும் பிழைக்குமா உடையுமா என்று சொல்ல ஆரம்பித்தார். முக்கால்வாசி தப்பு. ஒரு சிறுமி சிரித்துவிட்டாள். "இன்னொண்ணு போடுங்க சார்," என்று ரோஷத்தோடு சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பேச வேண்டிய நேரமும் கடந்துபோனது.

கடைசியில் தாளாளர் மேடையேறி, விழுவதைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் சொல்லித் தரவே இந்தக் காட்சிக்குத் தான் ஏற்பாடு செய்ததாக உருக்கமாகப் பேசினார். நானும் கை தட்டினேன்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். தரையைக் கழுவ யாரும் வரவில்லை. சிற்பி ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினார். இருவரும் குனிந்து மஞ்சள் கருவைத் தள்ளினோம். அந்தக் கவிச்சி இரண்டு நாள் என் கையை விட்டுப் போகவில்லை.